மஸ்கட்டிலிருந்து அம்மான் வரை ஒரு நோன்பு

ஸுவைனா: கையை எடுங்க. பழ டப்பாவைத் தொடாதீங்கன்னு சொல்றேன்ல!

கல்ஃபான்: மணி என்ன ஆச்சுன்னு பார்த்தியா? ஆறு இருபது. ஆறு... இருபது! நம்ம ஊர் பஹ்லாவுல இந்நேரம் பாங்கு சொல்லி முடிச்சு, ஊரே மோர் குடிச்சுக்கிட்டு இருக்கும்.

ஸுவைனா: குடிக்கட்டும். நாம பஹ்லாவுலயா இருக்கோம்? பிளேன் ஜன்னலைப் பாருங்க.

கல்ஃபான்: பார்த்தேன்.

ஸுவைனா: என்ன தெரியுது?

கல்ஃபான்: ...சூரியன்.

ஸுவைனா: அப்புறம் என்ன?

கல்ஃபான்: அது ஒரு மணி நேரமா அதே இடத்துல நிக்குது, ஸுவைனா. ஆணி அடிச்சு மாட்டி வச்ச மாதிரி. நானும் கண் கூச கூசப் பார்த்துக்கிட்டே இருக்கேன், ஒரு விரல் கூட இறங்கல.

ஸுவைனா: இறங்குறப்ப நோன்பு திறக்கலாம்.

கல்ஃபான்: நான் விடிகாலைல சஹர் சாப்பிட்டது எந்த ஊர் கணக்குக்கு? ஓமான் கணக்குக்கு. வாயைக் கட்டினது? ஓமான் கணக்குக்கு. திறக்குறது மட்டும் எவன் ஊர்க் கணக்குக்கு?

ஸுவைனா: உங்க கண்ணு முன்னால சூரியன் எங்க இருக்கோ அந்தக் கணக்குக்கு. ஊரெல்லாம் அறிஞ்ச விஷயம் இது. சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும்.

கல்ஃபான்: அடேயப்பா! மார்க்கத் தீர்ப்பு சொல்ற முஃப்தியா நீ எப்பலேருந்து ஆன? போன வருஷம் இதே நோன்புல, 'சக்கரை வியாதிக்காரர் பட்டினி கிடக்கக் கூடாது'ன்னு டாக்டர் எழுதிக் குடுத்த சீட்டை ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டி வச்சவ நீ. மத்தியானம் ஆனா சோத்துத் தட்டோட தோட்டம் வரைக்கும் பின்னாடியே வந்தவ நீ. பயணத்துல இருக்குறவனுக்கு நோன்பு கடமையே இல்லன்னு...

ஸுவைனா: அது போன வருஷம்.

கல்ஃபான்: இந்த வருஷம் என் உடம்புலேருந்து சக்கரை ஓடிப்போச்சா?

ஸுவைனா: ஏங்க... மெதுவாப் பேசுங்க. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்குறாரு.

கல்ஃபான்: பார்க்கட்டும். ஒரு பேரீச்சம்பழம் கேட்டதுக்குப் பொண்டாட்டி படுத்துற பாட்டை அவரும் பார்க்கட்டும். இந்த விளக்கு பொத்தான் எங்க... இதானே?

ஸுவைனா: எதுக்கு அந்த ஏர்ஹோஸ்டஸ் பொண்ணைக் கூப்பிடுறீங்க? இது நாலாவது தடவை!

கல்ஃபான்: அஞ்சாவது. ஒண்ணு நீ தூங்குறப்போ.

தாலா: சொல்லுங்க சாச்சா. மறுபடியும் என்ன?

கல்ஃபான்: உன் பேரு என்னம்மா?

தாலா: தாலா. அதையும் நீங்க கேட்டாச்சு.

கல்ஃபான்: தாலா, இன்னும் எவ்வளவு தூரம்?

தாலா: உங்க முன்னாடி இருக்குற திரையிலயே வருது பாருங்க. ஆயிரத்து நூத்தம்பது கிலோமீட்டர். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு அஞ்சு நிமிஷம் குறைச்சல்.

கல்ஃபான்: நான் என்ன பெருசாக் கேட்டேன்? டிக்கெட்ல எழுதியிருந்ததைத்தான் கேக்குறேன். மூணு அஞ்சுக்குப் புறப்பாடு, அஞ்சே முக்காலுக்கு இறங்கும். கூட்டிக் கழிச்சுப் பாரு, ரெண்டு மணி நாப்பது நிமிஷம். உங்க கணக்குப்படி நான் எப்பவோ அம்மான்ல இருந்திருக்கணும்.

தாலா: அஞ்சே முக்கால் அம்மான் நேரம் சாச்சா. அங்க மஸ்கட்டை விட ஒரு மணி நேரம் பின்னாடி. நிஜத்துல மூணு மணி நாப்பது நிமிஷப் பயணம்.

கல்ஃபான்: அந்த ஒரு மணி நேரம் எங்க போச்சு?

தாலா: எங்கேயும் போகல. உங்க நாள்ல கூடிப்போச்சு.

கல்ஃபான்: அதாவது என் பட்டினியில கூடிப்போச்சு.

தாலா: ...அப்படியும் சொல்லலாம். திரும்பி வரும்போது அதைக் கழிச்சுக் குடுத்துடுவோம்.

கல்ஃபான்: பார்த்தியா ஸுவைனா, பொண்ணு நல்லாப் பேசுது. சரிம்மா, இந்தச் சூரியன் ஏன் இறங்க மாட்டேங்குது? அதையாவது சொல்லு.

தாலா: அது போற திசையிலயே நாமளும் போறோம். அது முன்னாடி ஓடுது, நாம பின்னாடியே துரத்துறோம். அதான் உங்க கண்ணுக்கு நிக்கிற மாதிரி தெரியுது. பிடிக்கவும் மாட்டோம், சட்டுனு விட்டுடவும் மாட்டோம். நானும் நோன்புதான் சாச்சா. காலைல அம்மான்ல சஹர் பண்ணிட்டு மஸ்கட் வந்து, இப்ப திரும்பிப் போறேன். எனக்குத் தலையே சுத்துது. நீங்க பொத்தானை அமுக்க அமுக்க நான் இந்த நடைபாதையில நடந்தே அம்மான் போய்ச் சேர்ந்துடுவேன் போல.

ஸுவைனா: கோவிச்சுக்காதே மகளே. இவரு எப்பவும் இப்படித்தான். நீ... நீ ஒண்ணு மட்டும் எனக்குச் சொல்லு. அங்க எத்தனை மணிக்கு இறங்கும்? அம்மான் நேரத்துக்குச் சொல்லு.

தாலா: ஏழே கால்.

ஸுவைனா: ஏழே காலா? அஞ்சே முக்கால்னு இப்பதானே...

தாலா: மஸ்கட்லேயே ஒரு மணி நேரத்துக்கு மேல தரையில நின்னுட்டோமே சாச்சி. இப்போ எதிர்க்காத்து வேற. இன்னைக்கு மேல பலமா அடிக்குது. அது ஒரு அரை மணி நேரத்தைத் தின்னுடுச்சு.

ஸுவைனா: அம்மான்ல பாங்கு எத்தனை மணிக்கு?

தாலா: ஆறு அம்பது.

ஸுவைனா: யா அல்லாஹ்...

கல்ஃபான்: உனக்கு ஏன் இப்படி மூஞ்சி வெளுக்குது? பசி எனக்கு. நோன்பு எனக்கு. நீ எதுக்கு விரலை மடக்கி மடக்கி எண்ணுற?

ஸுவைனா: ஒண்ணும் இல்ல.

கல்ஃபான்: காலைல ஒம்பது மணிக்கு ஒரு விமானம் இருந்துச்சு. நம்ம பையன் ஹிலால்கிட்ட நானே சொன்னேன், அதுல போடுடான்னு. மத்தியானமே போய் இறங்கி, விடுதியில காலை நீட்டிப் படுத்துட்டு, மறுநாள் கண் டாக்டரைப் பார்த்திருக்கலாம்.

ஸுவைனா: அதுல இடம் இல்ல.

கல்ஃபான்: நோன்பு மாசத்துல, காலை விமானத்துல, இடம் இல்ல?

ஸுவைனா: இல்லன்னா இல்ல. உங்க பிள்ளைகிட்ட கேளுங்க. எல்லாத்துக்கும் என் உயிரையே எடுங்க!

கல்ஃபான்: சரி சரி... எந்திரி. நான் போகணும்.

ஸுவைனா: எங்க?

கல்ஃபான்: தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்யத்தான். அதுக்கும் உன்கிட்ட சீட்டு வாங்கணுமா?

ஸுவைனா: போங்க. தண்ணியை எல்லாம் சிந்தாதீங்க, சின்ன இடம்... தாலா, மகளே, நீ போயிடாதே. ஒரு நிமிஷம். இங்க உட்காரு. அவர் சீட்டுலயே உட்காரு.

தாலா: உட்காரக் கூடாது சாச்சி, நின்னுக்கிட்டே கேக்குறேன். உங்களுக்கு மயக்கம் வருதா?

ஸுவைனா: எனக்கு ஒண்ணும் இல்ல. இந்தப் பிளேனைக் கொஞ்சம் வேகமா ஓட்டச் சொல்ல முடியுமா?

தாலா: என்னது?

ஸுவைனா: கேப்டன்கிட்ட சொல்லு. ஒரு வயசான பொம்பளை கேக்குறாங்கன்னு சொல்லு. அரை மணி நேரம்... அரை மணி நேரம் முன்னாடி இறங்கினாக் கூடப் போதும்.

தாலா: காத்து எங்க பேச்சைக் கேக்காது சாச்சி. அப்படி என்ன அவசரம்? விஷயத்தைச் சொல்லுங்க.

ஸுவைனா: அங்க என் மக நிக்கிறா. வெளிய வர்ற கதவுகிட்ட. கையில பேரீச்சம்பழத்தோட.

தாலா: நல்ல விஷயம்தானே. அதுக்கு ஏன் இப்படி...

ஸுவைனா: இவருக்குத் தெரியாது.

தாலா: ஓ...

ஸுவைனா: நாலு வருஷமா அவளோட பேச்சு வார்த்தை இல்ல. முஸ்னான்னு பேரு. மருந்துப் படிப்புப் படிக்க அம்மான் வந்தா. இவரு பார்த்து வச்ச மாப்பிள்ளை வேணாம்னுட்டு, கூடப் படிச்ச உங்க ஊர்ப் பையனையே கட்டிக்கிட்டா. நல்ல பையன்தான், குறை சொல்ல முடியாது. ஆனா இவரு... 'இனிமே என் வாசலை நீ மிதிக்கக் கூடாது, உன் வாசலை நான் மிதிக்க மாட்டேன்'னு ஃபோன்ல கத்திட்டு வச்சாரு. அன்னைக்கு வச்சதுதான்.

தாலா: அப்போ இந்தக் கண் டாக்டர்?

ஸுவைனா: கண்ணும் இல்ல, டாக்டரும் இல்ல. எல்லாம் நான் விட்ட கதை.

தாலா: சாச்சி! பெரிய ஆளு நீங்க.

ஸுவைனா: வேற என்ன பண்ணச் சொல்ற? மொட்டை மாடியில போய் நின்னு மகளோட ஃபோன் பேசிப் பேசி நான் ஓய்ஞ்சுட்டேன். ஒரு பேரன் இருக்கான், ரெண்டு வயசு. படத்துல பார்த்ததோட சரி. நேரா அவ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா இவரு வண்டியை விட்டே இறங்க மாட்டாரு. அதான் ஏர்போர்ட். ஏர்போர்ட் வாசல் யாரோட வாசலும் இல்லையே.

தாலா: சரி. அதுக்கும் பாங்குக்கும் என்ன?

ஸுவைனா: எங்க ஊர்ல ஒரு வழக்கம். பாங்கு சொல்ற நேரத்துல, நோன்பாளிக்கு எதிரியே பேரீச்சம்பழம் நீட்டினாலும் தட்டக் கூடாது. வாங்கியே ஆகணும். வாங்கித் தின்னுட்டா அப்புறம் முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போக முடியாது. வாய்க்கால் தண்ணித் தகராறுல பதினோரு வருஷம் பேசாம இருந்த பக்கத்துத் தோட்டக்காரர் கையால இவரே வாங்கித் தின்னிருக்காரு. பள்ளிவாசல் முற்றத்துல, என் கண்ணால பார்த்தேன். மறுநாள் காலைல ரெண்டு பேரும் ஒரே பாயில உட்கார்ந்து காப்பி குடிச்சாங்க.

தாலா: அப்படின்னா மக கையால...

ஸுவைனா: அதுக்குத்தான் ஒரு மாசமா இந்தக் கணக்கு! ஆயிரம் தடவை போட்டுப் பார்த்தேன். அஞ்சே முக்காலுக்கு இறங்கணும். பாஸ்போர்ட் வரிசை, பெட்டி, எல்லாம் ஒரு மணி நேரம். வெளிய வர்றப்போ ஆறு அம்பது. கதவு திறக்குது, பாங்கு சொல்றாங்க, எதிர்ல முஸ்னா. தட்டவே முடியாது இவரால. காலை விமானம், ராத்திரி விமானம் எல்லாத்தையும் வேணாம்னு தள்ளிட்டு இதைப் பொறுக்கி எடுத்தேன். உங்க காத்து வந்து எல்லாத்தையும் கெடுத்துடுச்சு.

தாலா: என் காத்தா சாச்சி அது?

ஸுவைனா: இப்போ என்ன ஆகும்? வானத்துலயே சூரியன் மறைஞ்சுடுமா?

தாலா: ஆமா. இறங்குறதுக்கு ஒரு இருபது, இருபத்தஞ்சு நிமிஷம் முன்னாடி. கேப்டன் சொல்வாரு. நாங்க எல்லாருக்கும் தண்ணியும் பழமும் குடுப்போம்.

ஸுவைனா: இந்த வரிசைக்குக் குடுக்காதே.

தாலா: அது எப்படி முடியும்?

ஸுவைனா: மறந்துட்டேன்னு சொல்லு. தீர்ந்துடுச்சுன்னு சொல்லு.

தாலா: சாச்சி, கோவிச்சுக்காதீங்க. அவரு சக்கரைக்காரர்னு அவர் சத்தமாப் பேசினது என் காதுலயும் விழுந்துச்சு. பதினாலு மணி நேரமா வாயில ஒண்ணும் படாம இருக்காரு. இன்னும் ஒரு மணி நேரம் நீங்க இழுத்தடிச்சு, இங்க மயங்கி விழுந்தா? நான் என்ன பதில் சொல்றது? நீங்க என்ன பதில் சொல்வீங்க, அந்தப் பொண்ணுக்கு?

ஸுவைனா: ...தெரியும். எனக்குத் தெரியாதா? பயந்து பயந்துதான் உட்கார்ந்திருக்கேன். டாக்டர்கிட்ட கேட்டு மாத்திரையைக் குறைச்சுட்டேன். சஹருக்கு வயிறு நிறையக் குடுத்தேன். ரத்தம் பார்க்குற மெஷினும் பையில இருக்கு. அரை மணி நேரமா அவர் நெத்தியைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கேன், வேர்க்குதான்னு. வேர்த்தா அந்த நிமிஷமே நானே அவர் வாயில ஊத்திடுவேன். மக வேணும்தான்... புருஷன் உயிரோட வேணாமா எனக்கு?

தாலா: வர்றாரு. நான் போறேன். கேப்டன் சொன்னதும் நான் தட்டோட வருவேன், சாச்சி. அது என் வேலை. அதுக்கு மேல உங்க பாடு.

கல்ஃபான்: என்ன, ரெண்டு பேரும் என் தலையை உருட்டிக்கிட்டு இருந்தீங்களா?

ஸுவைனா: உங்க தலையில உருட்ட என்ன இருக்கு? உட்காருங்க. இவ்வளவு நேரமா ஒளு செய்ய? வெளிய ஆறு பேர் காத்துக்கிட்டு நிக்கிறாங்க.

கல்ஃபான்: குழாயில தண்ணி சொட்டு சொட்டா வருது. நான் என்ன பண்ண? தூரம் என்ன காட்டுது?

ஸுவைனா: தொள்ளாயிரத்து எழுபது.

கல்ஃபான்: ஒட்டகத்துல போயிருந்தா இந்நேரம்...

ஸுவைனா: இந்நேரம் ஏர்போர்ட் கேட்டையே தாண்டியிருக்க மாட்டீங்க. பேசாம கண்ணை மூடிக்கிட்டு இருங்க.

கல்ஃபான்: பசியில எப்படித் தூக்கம் வரும்? ஒரே ஒரு பழம் குடேன்.

ஸுவைனா: மாட்டேன்.

கல்ஃபான்: அரைப் பழம்.

ஸுவைனா: ஹிலாலைப் பெத்தவரே, அபூ ஹிலால், சத்தியமா நான் இந்த டப்பா மேல உட்கார்ந்துக்குவேன்!

கல்ஃபான்: சரி, உட்காரு.

ஸுவைனா: இதோ, நகருங்க.

கல்ஃபான்: நிஜமாவே உட்கார்ந்துட்டியா?

ஸுவைனா: பேசாதீங்க. சிரிப்பு காட்டாதீங்க. எனக்கு அழுகை வருது.

கல்ஃபான்: உனக்கு ஏன் அழுகை? ...ஒரு மணி நேரமா அந்த டப்பா மேலயே உட்கார்ந்திருக்க. இந்தா, திரையைப் பாரு. முந்நூறு. மணி ஏழு நாப்பது, நம்ம ஊர்ல.

ஸுவைனா: சூரியன் என்ன ஆச்சு?

கல்ஃபான்: சிவந்துடுச்சு. இப்பதான் கொஞ்சம் சாயுது.

ஸுவைனா: சாயுதா? நல்லாப் பாருங்க. அப்படியே நிக்கலையா?

கல்ஃபான்: இவ்வளவு நேரம் நிக்குது நிக்குதுன்னு நான் சொன்னப்ப திட்டிட்டு, இப்ப சாய்ஞ்சா உனக்கு வருத்தமா?

ஸுவைனா: வருத்தமெல்லாம் இல்ல... உங்களுக்கு வேர்க்குதா? கையைக் குடுங்க. நடுங்குதா?

கல்ஃபான்: இல்ல. கையை விடு. ஒண்ணும் இல்ல.

ஸுவைனா: கண்ணு இருட்டுதா?

கல்ஃபான்: ஆறு மணிக்கு நான் பழம் கேட்டப்போ இந்தக் கேள்வியெல்லாம் எங்க போச்சு? அட, நில்லு... நில்லு... கொஞ்சம்...

ஸுவைனா: யார்கிட்ட பேசுறீங்க?

கல்ஃபான்: சூரியன்கிட்ட.

ஸுவைனா: அதை ஏன் நிக்கச் சொல்றீங்க?

கல்ஃபான்: போன்னுதான் சொன்னேன். உன் காதுல தப்பா விழுந்திருக்கும்.

ஸுவைனா: எனக்கு எல்லாம் தப்பாத்தான் விழும். இன்னைக்கு எல்லாமே தப்புதான். விமானம் தப்பு, காத்து தப்பு, உங்களைக் கட்டிக்கிட்டதே...

தாலா: சாச்சா, சாச்சி, கேப்டன் சொன்னதைக் கேட்டீங்களா? இந்த உயரத்துலேயே சூரியன் மறைஞ்சுடுச்சு. நோன்பு திறக்கலாம். இந்தாங்க, தண்ணி, மூணு மூணு பழம். சீக்கிரம் எடுத்துக்குங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல கீழ இறங்க ஆரம்பிச்சுடும், நான் தட்டையெல்லாம் வாங்கணும்.

ஸுவைனா: ...எடுத்துக்குங்க.

கல்ஃபான்: ம்...

ஸுவைனா: எடுத்துக்குங்கன்னு சொல்றேன். போகட்டும் விடுங்க, எல்லாம் போச்சு. அல்லாஹ் வச்சது இவ்வளவுதான். இந்தாங்க, நம்ம டப்பாவே திறந்துட்டேன். நம்ம தோட்டத்துப் பழம். சாப்பிடுங்க.

கல்ஃபான்: எனக்கு வேணாம்.

ஸுவைனா: என்ன?

கல்ஃபான்: இப்ப வேணாம். நீ சாப்பிடு.

ஸுவைனா: அட மனுஷா! சூரியன் இருக்குறப்போ அரைப் பழம், கால் பழம்னு உயிரை வாங்கினீங்க. இப்போ சூரியன் போயிடுச்சு, ஊரே சாப்பிடுது, முன் சீட்டுக்காரர் ரெண்டாவது பழத்துல இருக்காரு. இப்ப வேணாமா?

கல்ஃபான்: இறங்குனப்புறம் பார்த்துக்கலாம்.

ஸுவைனா: இறங்கி எப்போ? வெளிய வர அம்மான் நேரத்துக்கு எட்டேகால் ஆயிடும்! நேரம் வந்தப்புறம் நோன்பு திறக்குறதைத் தாமதிக்கக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?

கல்ஃபான்: இப்ப யாரு முஃப்தி?

ஸுவைனா: தாலா! மகளே, இவரு பேச்சே சரியில்ல. தலை கிறுகிறுத்துப் போயிருக்காரு. சக்கரை இறங்கினா இப்படித்தான் ஏறுக்கு மாறாப் பேசுவாரு. அந்த மெஷினை எடு, என் பையில, பச்சை உறையில... விரலைக் குடுங்க. குடுங்கன்றேன்!

கல்ஃபான்: வேணாம் ஸுவைனா, அதெல்லாம் எதுக்கு இங்க...

ஸுவைனா: குடுங்க! ...ஆச்சு. எனக்குக் கண்ணாடி இல்ல. நீ படிம்மா. அறுபதா? அறுபதுக்கும் கீழயா? சொல்லு, பயப்படாம சொல்லு!

தாலா: நூத்தி முப்பத்திரண்டு.

ஸுவைனா: சரியாப் பாரு.

தாலா: நூத்தி முப்பத்திரண்டுதான் சாச்சி. நல்லா இருக்கு. என்னோடதை விட நல்லா இருக்கும்.

ஸுவைனா: விடிகாலை நாலரைக்குச் சாப்பிட்ட மனுஷனுக்கு... எப்படி? ...அபூ ஹிலால். என் முகத்தைப் பாருங்க.

கல்ஃபான்: மஸ்கட் ஏர்போர்ட்ல, நீ தொழப் போனியே, அப்போ.

ஸுவைனா: அப்போ?

கல்ஃபான்: கை நடுங்குச்சு. குத்திப் பார்த்தேன், அம்பத்தெட்டு. முட்டை வச்ச ரொட்டி ஒண்ணு, ஆரஞ்சுச் சாறு ஒண்ணு.

ஸுவைனா: அது மத்தியானம்!

கல்ஃபான்: அப்புறம் இங்க ஒளு செய்யப் போனேன்ல... பாக்கெட்ல ஒரு வாழைப்பழம் வச்சிருந்தேன்.

தாலா: டாய்லெட்ல கிடந்த அந்தத் தோலு நீங்களா? யாருடா நோன்பு நேரத்துலன்னு நாங்க எல்லாரும் தேடிக்கிட்டு இருக்கோம்!

ஸுவைனா: நோன்பே இல்லாமத்தான் இவ்வளவு நேரம் என்கிட்ட அரைப் பழத்துக்குக் கெஞ்சினீங்களா?

கல்ஃபான்: கேக்காம இருந்தா உனக்குச் சந்தேகம் வந்திருக்கும். எங்க குடுத்துடுவியோன்னு பயந்துக்கிட்டேதான் கேட்டேன்.

ஸுவைனா: நான் இங்க உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு, உங்க நெத்தியைப் பார்த்துப் பார்த்து... அங்க என் பொண்ணு... யா அல்லாஹ், நான் என்ன செய்வேன் இந்த மனுஷனை வச்சுக்கிட்டு! கேட்டுக்குங்க. இனி மறைக்க என்ன இருக்கு? கண் டாக்டர் யாரும் இல்ல. முஸ்னா வந்து நிக்கிறா. போதுமா? இப்ப கத்துங்க.

கல்ஃபான்: போன வாரமே தெரியும்.

ஸுவைனா: ...என்னது?

கல்ஃபான்: நோன்போட கண்ணுல சொட்டு மருந்து விடலாமான்னு கேக்க, நீ சொன்ன அந்த ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டேன். என் பேரை யாரும் பதியவே இல்லன்னுட்டாங்க. அப்புறம் உட்கார்ந்து யோசிச்சேன். அம்மான். நோன்பு மாசம். மக்ரிப் பாங்குக்கு ஒரு மணி நேரம் முன்னாடி இறங்குற விமானம். நாப்பது வருஷமா உன்னோட குடித்தனம் பண்றேன், இது கூடப் புரியாதா எனக்கு?

ஸுவைனா: தெரிஞ்சும் கிளம்பி வந்தீங்களா?

கல்ஃபான்: வந்துட்டேன்ல.

ஸுவைனா: அப்புறம் என்னங்க? நோன்பும் இல்ல, கோவமும் இல்ல. பேசாம இந்தப் பழத்தை வாயில போட்டுட்டு, இறங்கிப் போய் அவளைப் பாருங்க. எதுக்கு இன்னும் வாயைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கணும்?

கல்ஃபான்: எனக்கு நோன்பு இல்லன்னு உனக்குத் தெரியும், இந்தப் பொண்ணுக்குத் தெரியும். முஸ்னாவுக்குத் தெரியாதுல்ல? நோன்பு, பசிக்குதுன்னு சொல்லி நான் அவகிட்ட கை நீட்டிடுவேன், ஸுவைனா. வேற எதைச் சொல்லி நீட்டவும் எனக்கு வாய் வராது.